மிக்ஸர் படித்தால் கோயில் எதிரொலி அடங்குமா?

கேள்வி: எனக்கு ஊர் தங்கச்சிமடம். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன், கோயில் (சர்ச்) பாடகர் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் புதுக் கோயிலில் சாமியார் வைக்கும் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடப் புரிவதில்லை. இப்படிப்பட்ட இடங்களைச் சரிசெய்யும் ஒலியியல் ஆலோசகராக ஆசை. மதுரையில் ஒரு நிறுவனம் ஆறு மாத சவுண்ட் இன்ஜினியரிங் படிப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது. அப்பா படகின் பேரில் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். கடன் வாங்க வேண்டாமென்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அங்கே மைக், மிக்ஸர், ரெக்கார்டிங் சொல்லித் தருவார்கள். உங்கள் கோயிலின் கோளாறு சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. நீளம் 20 மீட்டர், அகலம் 10, உயரம் 6 என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஆளில்லாத நேரத்தில் கை தட்டினால் சத்தம் முழுக்க அடங்க ஏறக்குறைய 5 விநாடி ஆகும். பேச்சு தெளிவாகக் கேட்க அது ஒரு விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். திருவிழாவுக்கு 200 பேர் வந்து உட்கார்ந்தால் அதே கட்டடத்தில் ஒன்றரை விநாடிக்கு இறங்கிவிடும். அத்தனை பேரின் உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். வார நாள் பூசைக்கு 20 பேர் வரும்போது மறுபடி 4 விநாடி. இதற்கு ஸ்பீக்கர் கடைக்காரர் சொல்லும் வழி, இன்னும் நாலு பாக்ஸ்! பாக்ஸைக் கண்டபடி கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும்.

இந்தக் கணக்குக்கு வழிசெய்தவர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். அவரும் இயற்பியல்காரர்தான். உங்கள் பட்டம் சரியான பட்டம். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் ஒலியியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கட்டட வரைபடம் படிக்கப் பழகுங்கள். அப்புறம் சென்னையிலோ பெங்களூரிலோ ஓர் ஆலோசகரிடம் உதவியாளராகச் சேருங்கள்.

உங்கள் வீட்டிலேயே சவுண்ட் சர்வீஸ் தொழில் இருந்தால் மட்டும் அந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மிக்ஸரை நீங்களே கையால் இயக்க விடுவார்களா, ஒரு மிக்ஸருக்கு எத்தனை மாணவர்கள் என்று நேரில் பாருங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு போன்ற விழாவில் சவுண்ட் போடுகிறவர்களுடன் நின்று வேலை பழகினால் இதில் பாதி வந்துவிடும், செலவும் இல்லை. ‘நூறு சதவீத வேலை’ என்று அந்த நிறுவனத்தாரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்கிடெக்டுக்கு இருப்பதுபோல் நம் நாட்டில் ஒலியியல் ஆலோசகர் தொழிலுக்குப் பதிவு முறை கிடையாது. யாரும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். ‘ஆலோசனை இலவசம்’ என்பவர் தன் கூலியை, சுவரிலும் கூரையிலும் பொருத்தும் ஒலி உறிஞ்சும் பேனலின் விலையில் ஏற்றிவிடுவார். அந்தக் கமிஷனைத் தொடாதீர்கள். தொட்டால் தேவையில்லாத இடத்திலும் பேனல் எழுதத் தோன்றும். கோயில் கட்டுகிறவர்கள் கிரானைட்டுக்கும் கோபுரத்துக்கும் எஸ்டிமேட்டில் பணம் ஒதுக்குகிறார்கள், ஒலிக்கு ஒரு வரி எழுதுவதில்லை. சமுதாயக் கூடங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். திறப்பு விழாவில் பேச்சு புரியாமல் போன பிறகுதான் நம்மைத் தேடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் திருந்துவதில்லை.

கடலோர ஊர்க்காரர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். ஃபால்ஸ் சீலிங்கின் இரும்புச் சட்டத்தை உப்புக்காற்று என்ன செய்யும் என்பது வெளியூர் ஆலோசகருக்கு உறைக்காது.

சாமியாரிடம் அனுமதி கேட்டு, ஆளில்லாத கோயிலில் பலூன் உடைத்து போனில் பதிவு செய்யுங்கள். பூசை நேரத்தில் வேண்டாம். நீள அகலங்களை அளந்து, கணக்கும் பதிவும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். வேலை கேட்கப் போகும்போது அதைக் காட்டலாம். அந்த நிறுவனத்தில் முன்பணம் கட்டியிருந்தால், ரசீதோடு போய் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.