காந்த மெத்தையில் படுத்தால் கால் புண் ஆறுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பல வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. காந்த அலை தோல் செல்களை வளர வைக்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். தெரிந்தவர் ஒருவர் காந்த மெத்தை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அந்த ஆராய்ச்சிப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. நம் வீட்டு மின்சாரம் போல நொடிக்கு 50, 60 முறை மாறும் காந்தப்புலத்தில் தோல் செல்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சில சோதனைகளில் செல்கள் வேகமாகப் பெருகின. சிலவற்றில் வளர்ச்சி குறைந்தேபோனது. புலத்தின் வலிமையையும் நேரத்தையும் மாற்றினால் முடிவும் மாறுகிறது.

மெத்தையில் தைத்திருப்பதோ பெரும்பாலும் நிலைக்காந்தம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்துக்கு அண்ணன். அது மாறுவதே இல்லை. அப்புறம் அந்த ஆராய்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மாறும் காந்தப்புலத்துக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. ஒன்றுசேராத எலும்பு முறிவுக்கு அமெரிக்காவில் 1979-இலேயே அனுமதித்தார்கள். ஆறாத புண்ணில் கதை வேறு. சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், கெட்டு வரும் கால் புண்களுக்கு நடந்த 3 சிறிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015-இல் அலசியது. நம்பிச் சொல்லும்படி பலன் தெரியவில்லை.

சரி, அப்பாவின் புண்ணுக்கு வருவோம். விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக, காய்ப்பு மாதிரித் தடித்திருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடை அங்கேதான் இறங்குகிறது. செல்கள் வளராமல் இல்லை. வளர்வதை மிதித்தே நசுக்கிவிடுகிறார். நரம்பு மரத்துப் போனதால் வலிக்காது. செருப்பில் ஏறிய ஆணியோடு என் அறைக்கு நடந்து வந்தவர் உண்டு.

பாதப் புண் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். காய்ப்பைச் செதுக்கி, அந்த இடத்தில் எடை விழாதபடி கட்டோ பிரத்யேகக் காலணியோ தருவார். டாப்ளர் என்ற ஒலியலைச் சோதனையில் ரத்த ஓட்டமும், எக்ஸ்ரேயில் எலும்பும் பார்ப்பார். பாதம் சிவந்து வீங்கினாலோ, கறுத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டோடு அவர் தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். உள்பக்கத் தேய்மானத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.