தெர்மிஸ்டர் 70 என்கிறது, எல்இடி ஏன் மங்குகிறது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பற்றவைக்கிற மேசைக்கு மேல் 3 வாட் எல்இடி விளக்கு நானே செய்து மாட்டினேன், அதே மாதிரி ஒன்று ஏற்காட்டில் மாமா வீட்டுக்கும் கொடுத்தேன். அங்கே பளிச்சென்று எரிகிறது, என்னுடையது மங்கிவிட்டது. ஹீட் சிங்க் (எல்இடியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற உலோகத் துண்டு) ஓரத்தில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை (சூடு ஏற ஏற மின்தடை குறைகிற உணரி) ஒட்டி மதியம் அளந்தால் 1.76 கிலோ ஓம், அதாவது 70 டிகிரி. ஜங்ஷன் (எல்இடிக்குள் வெளிச்சம் பிறக்கிற இடம்) 125 வரை தாங்கும் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. இன்னும் 55 டிகிரி பாக்கி இருக்கிறதே?
- வாசகர், சேலம்

பதில்: கணக்கு சரிதான், பீட்டா (சூட்டுக்குத் தடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் எண்) 3950 உள்ள தெர்மிஸ்டர் 70 டிகிரியில் அதைத்தான் காட்டும். ஆனால் அது ஹீட் சிங்க் ஓரத்தின் சூடு. ஜங்ஷன் சிப்புக்குள்ளே இருக்கிறது, அங்கே எதையும் ஒட்ட முடியாது. அதனால் முடிந்தவரை பக்கத்தில் அளந்து, மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் தெர்மிஸ்டரை ஸ்டார் போர்டுக்கு, அதாவது எல்இடி உட்கார்ந்திருக்கும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு, மாற்றுங்கள், எல்இடியின் காலுக்கு ஒட்டினாற்போல, வெப்பம் கடத்தும் பசை போட்டு. செலோடேப் வேண்டாம், சூட்டில் கழன்று காற்றின் சூட்டைத்தான் அளக்கும். ஒரு எச்சரிக்கை: மலிவான டிரைவர்களில் (எல்இடிக்கு அளவான மின்னோட்டம் கொடுக்கும் சர்க்யூட்) பலவற்றுக்கு மெயின்ஸிலிருந்து பிரிப்பு கிடையாது, எல்இடியின் கால் ஷாக் அடிக்கும். இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒட்டுங்கள், தெர்மிஸ்டரின் கம்பி காலில் படக்கூடாது, விளக்கு எரியும்போது மீட்டர் முனையைக் கையால் தொடாதீர்கள்.

அரை மணி எரியவிட்டு அளந்தால் 1.09 கிலோ ஓம் வருகிறது என்று வையுங்கள், அது 85 டிகிரி. 700 மில்லி ஆம்பியர், 3.3 வோல்ட் என்றால் 2.3 வாட். டேட்டா ஷீட்டில் ஜங்ஷனுக்கும் காலுக்கும் இடையே வெப்பத் தடை வாட்டுக்கு 10 டிகிரி என்று இருந்தால் 2.3 பெருக்கல் 10, 23 டிகிரி. ஆக ஜங்ஷன் 108. ஒரு பகுதி வெளிச்சமாகப் போய்விடுவதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பத்திரத்துக்கு முழு வாட்டையும் சூடு என்றே எடுத்துக்கொள்வது என் வழக்கம். 125 என்பது அதற்கு மேல் போகக்கூடாத எல்லை. 108-லேயே தினமும் எட்டு மணி நேரம் ஓட்டினால் வெளிச்சம் சீக்கிரம் தேயும்.

ஏற்காட்டு விளக்கு ஏன் தப்பியது? ஹீட் சிங்க் சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி அதிகமாகச் சூடாகும் என்பது இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சேலத்தில் சித்திரை வெயிலில் 40, போதாததற்கு உங்கள் மேசையில் பற்றவைக்கிற நெருப்பு வேறு. மலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு, அது அப்படியே ஜங்ஷனிலும் குறையும். மலைக்காற்று அடர்த்தி குறைவு என்பதால் ஹீட் சிங்க் சற்றே மோசமாக ஆறும், ஆனால் அந்த இழப்பு சொற்பம்.

புது எல்இடி போடும்போது டிரைவரை 350 மில்லி ஆம்பியராக மாற்றுங்கள். வாட் 1.1 ஆகும், போர்டு 62 பக்கம் நிற்கும், ஜங்ஷன் 73. வெளிச்சம் பாதியை விடக் கூடுதலாகவே கிடைக்கும். பற்றவில்லையா, இன்னொரு எல்இடியைத் தனி ஹீட் சிங்கில் போடுங்கள்.

கேள்வி: என் தெர்மிஸ்டரின் பீட்டா தெரியவில்லை. 25 டிகிரியிலும் கொதிக்கிற தண்ணீரிலும் அளந்து கண்டுபிடிக்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாக. ஆனால் கொதிநீருக்கு 100 என்று போட்டுவிடாதீர்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 என்று போட்டால் 3950 பீட்டா 3740 ஆகிவிடும், அப்புறம் 70 டிகிரி இருக்கிற இடத்தை 73 என்று படிப்பீர்கள்.