காலையில் எப்போது பல் தேய்ப்பது?

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். காலையில் பல் தேய்ப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பாலக்கோடு: டாக்டர், காப்பி குடித்துவிட்டு அப்புறம் தேய்த்தால் தப்பா?

எழுந்ததும் தேய்ப்பதுதான் நல்லது. தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும், அதனால் ராத்திரி முழுக்கக் கிருமி பெருகிப் பல்லில் படிந்திருக்கும், அதன் மேலேயே சர்க்கரைக் காப்பி போனால் கிருமி அந்தச் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும்.

காவேரிப்பட்டணம்: சீசனில் விடிந்ததும் தோப்பில் மாங்காய் தின்போம். உடனே தேய்க்கலாமா?

வேண்டாம். புளிப்பு பட்டால் எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும், அப்போது பிரஷ் போட்டால் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஓசூர்: நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்குத்தான் படுப்பேன்.

படுக்கும் முன் கட்டாயம் தேய்க்க வேண்டும், எழுந்ததும் இன்னொரு தடவை. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தூக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பென்னாகரம்: மகனுக்கு ஒன்பது வயது. எழுந்ததும் தேய்க்கிறான், பழுப்புக் கறை போகவில்லை. பள்ளியில் கேலி செய்கிறார்கள் டாக்டர்.

அம்மா, முதலில் அவனைத் திட்டுவதை நிறுத்துங்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் பக்கத்தில் இப்படி வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் பாறையிலிருந்து புளோரைடு கரைந்து போர் தண்ணீரில் கலக்கிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதைக் குடித்தால் கறை எனாமலுக்குள்ளேயே பதிந்துவிடும். உப்பு, கரி, செங்கல் தூள் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் போகும். தண்ணீரைக் காய்ச்சினாலும் புளோரைடு குறையாது. 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது, அந்தத் தண்ணீரையே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இன்னும் முக்கியம். கறையைக் குறைக்கவும் மறைக்கவும் சிகிச்சை இருக்கிறது, கூட்டி வாருங்கள்.

அரூர்: அப்படியானால் புளோரைடு பேஸ்ட்டே வேண்டாமா?

வேண்டும். பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், சொத்தை வராமல் காப்பது அதுதான். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஊத்தங்கரை: தாத்தாவுக்கு வேப்பங்குச்சிதான் பழக்கம்.

நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறு கிழியாமல் தேய்க்கட்டும். ராத்திரி மட்டும் பேஸ்ட் போடச் சொல்லுங்கள்.