அந்தத் தங்கைக்கு யார் சோறு போடுகிறார்கள்?

கேள்வி: 1814-ல் இங்கிலாந்தில் நடக்கும் காதல் தொடர்கதை ஒன்று எழுதுகிறேன். நாயகி ஒரு பிரபுவின் மாளிகையில் கவர்னஸ், அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. பிடிவாதக்காரி. பிரபுவையே எதிர்த்துப் பேசுவாள். மூன்று முறை வேலையை உதறிவிட்டுக் கிளம்புவாள். பெற்றோர் இறந்தபின் 11 வயதுத் தங்கையை அத்தை வீட்டில் விட்டு வந்தவள். கதையைப் படித்தவர்கள், ‘திமிர் பிடித்தவள், மனசில் ஒட்டவில்லை’ என்கிறார்கள். பிடிவாதத்தைக் குறைக்கட்டுமா? – ஒரு வாசகி

பதில்: பிடிவாதத்தில் கை வைக்காதீர்கள். அந்தத் தங்கை என்ன ஆனாள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அந்தக் காலத்துக் கவர்னஸ் பலருக்கு ஆண்டுச் சம்பளமே 20, 30 பவுண்டுதான். நற்சான்றுக் கடிதம் இல்லாமல் வெளியேறினால் அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது கடினம். உங்கள் நாயகி மூன்று தடவை பெட்டியைத் தூக்குகிறாள். ஒரு தடவையாவது அந்தக் குழந்தையின் சாப்பாட்டை நினைத்தாளா? உடன்பிறந்தவளை மறந்தவளிடம் யாருக்கம்மா மனசு ஒட்டும்? இதற்குப் பெயர் பிடிவாதம் இல்லை, பொறுப்பின்மை.

பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1786-ல் அயர்லாந்தில் கிங்ஸ்பரோ பிரபு வீட்டில் கவர்னஸாக இருந்தார். சீமாட்டியோடு ஒத்துப்போகவில்லை, மறு ஆண்டே வேலை போயிற்று. அவரைவிடவா உங்கள் நாயகி பிடிவாதக்காரி? லண்டன் வந்து எழுதிச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில் தங்கைகளையும் தம்பிகளையும் தாங்கினார். தங்கை எவரினாவைப் பிரெஞ்சு கற்கப் பாரிசுக்கே அனுப்பினார். மூத்தவள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 1840-க்கு முன் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவரே கட்டினார். அக்கா கடிதம் போட்டால் அத்தைக்குச் செலவு; பேச்சு வாங்குவது அந்தச் சின்னப் பெண். ஆனால் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை உறுப்பினர் உறைமேல் கையெழுத்திட்டால் கட்டணம் கிடையாது. முகவரியையும் தேதியையும் அவரே தம் கைப்பட எழுத வேண்டும் என்பது அன்றைய விதி. உங்கள் கதைப் பிரபுவும் அந்தச் சபையில் இருக்கட்டும். காலையில் அவரோடு சண்டை போட்டவள் மாலையில் அவரிடமே போய்க் கேட்கட்டும். கெஞ்ச வேண்டாம், தங்கைக்காகக் கேட்கட்டும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, ‘யார் பெயர் எழுத வேண்டும்?’ என்பார்.

உங்கள் கடிதத்தில் அந்தக் குழந்தைக்குப் பெயரே இல்லை. வையுங்கள். மூன்று வெளியேற்றங்களில் இரண்டை வெட்டிவிடுங்கள். மிச்சமுள்ள ஒன்றில், தங்கைக்கு ஒரு போக்கிடம் பார்த்துவிட்டு அவள் கிளம்பட்டும்.