பிப்ரவரி ஜெர்சி – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து ஆறு வருடமாகிறது. மகள் இங்கே அரசுப் பள்ளியில் கிரேட் 10 படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒரு பெண் ஏழு மாதம். யூனிஃபார்மில்தான் வருகிறாள். பள்ளியில் யாரும் எதுவும் சொல்வதில்லை. மாடிப்படி ஏறும்போது அவள் பையை என் மகள்தான் தூக்கிக்கொண்டு போகிறாளாம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இப்படி வகுப்பில் உட்காரவைத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் இது சாதாரணமாகிவிடாதா? எல்.ஓ. (லைஃப் ஓரியன்டேஷன், வாழ்க்கைத் திறன்) பாடத்தில் ஆணுறை பற்றியெல்லாம் சொல்லித்தருகிறார்கள். 12 வயதிலேயே பெற்றோருக்குத் தெரியாமல் கிளினிக்கில் கருத்தடை வாங்கலாமாம். அப்புறம் நாம் எதற்கு இருக்கிறோம்? பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "எல்லாம் கிராண்ட் பணத்துக்காக" என்கிறார், குழந்தைக்கு அரசு தரும் உதவித்தொகையைச் சொல்கிறார். தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். இதில் கூத்து, பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி வாங்க மகள் என்னிடமே காசு கேட்கிறாள்.

பெயர் போட வேண்டாம் அக்கா.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகள் பை தூக்கும் காட்சியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். நான் டர்பனில் அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். என் வகுப்பில் அப்படிப் பை தூக்க யாரும் இல்லாத ஒரு பெண் இருந்தாள்.

2005, பிப்ரவரி. டர்பன் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது இறங்கிவந்து அனுபவித்திருப்பீர்கள். சட்டை முதுகில் ஒட்டும், சாக்பீஸ் கையில் பிசுபிசுக்கும். அந்தப் பெண் கடைசி பெஞ்சில், குளிருக்குப் போடும் பள்ளி ஜெர்சியை, அந்தக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகமெல்லாம் வியர்வை. "ஏன் ஜெர்சி?" என்று நான் கேட்கவில்லை. விடை தெரிந்துவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எல்லாரும் டீ குடித்தோம். ஏப்ரலில் மறைக்க முடியாமல் போனது. தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தார்கள். "வீட்டுக்குப் போ, அடுத்த வருஷம் பார்க்கலாம்." ஜூனில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டது நான்தான். அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

அவளை வெளியேற்றியதைப் பார்த்துப் பயந்து மற்ற பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அதற்கடுத்த வருஷம் அதே பள்ளியில் ஜெர்சிகள் கூடின. அவர்கள் கற்றுக்கொண்டது மறைப்பதை மட்டும்தான். மறைத்ததால் ஆறு ஏழு மாதம்வரை எந்த டாக்டரையும் பார்க்காமல் இருந்தார்கள்.

அன்று எங்கள் பள்ளி செய்தது அன்றைக்கே தவறு. கர்ப்பத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996 அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தும் கல்வித் துறை 2007-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல், இரண்டு வருடம்வரைகூட ஒரு பெண்ணைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைக்கலாம் என்று இடம் கொடுத்தது. பிறகு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வெல்கம், ஹார்மனி என்ற இரு பள்ளிகளின் வழக்கு 2013-ல் அரசியல் சட்ட நீதிமன்றம்வரை போனது. கர்ப்பமானதால் வெளியே நிறுத்திய மாணவிகளைத் திரும்பச் சேர்க்கும்படி மாகாணக் கல்வித் துறைத் தலைவர் நேரடியாக உத்தரவிட்டது செல்லுமா என்பதுதான் அங்கே வாதம். வேடிக்கை, அந்த வாதத்தில் பள்ளிகள்தான் ஜெயித்தன. ஆனால் ஜெயித்தவர்களையே கூப்பிட்டு, உங்கள் கர்ப்ப விதிகளைத் திருத்தி எழுதுங்கள் என்றது நீதிமன்றம். 2021 டிசம்பரில் வந்த தேசியக் கொள்கை, கர்ப்பிணி மாணவி படிப்பைத் தொடரலாம், பெற்றபின் திரும்பி வரலாம், பள்ளி அதற்கு வசதி செய்து தரவேண்டும் என்கிறது. உங்கள் மகளின் வகுப்பில் இன்று ஒரு பெண் ஜெர்சி இல்லாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு தூரம் நடந்துவந்த பிறகுதான்.

கிராண்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1998-ல் தொடங்கிய குழந்தை உதவித்தொகை, 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்டாக இருந்தது. அந்த ஆன்ட்டியை ஸ்பார் கடைக்கு அழைத்துப்போய் ஒரு மாத நாப்பி, பால்பவுடர் விலையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், உதைக்கும்.

12 வயது விஷயம். 2005-ன் குழந்தைகள் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்காக யாரும் வீடு வீடாக வந்து பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பதில்லை. ஒரு பிள்ளை தானாகத் துணிந்து கேட்டு வந்தால் திருப்பி அனுப்பாதே, அவள் ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பதுதான் சட்டத்தின் சாரம். கருக்கலைப்புக்கும் 1996 சட்டப்படி 12 வாரம்வரை அவள் சம்மதம் போதும். பெற்றோரிடம் பேசிப்பார் என்று நர்ஸ் சொல்லவேண்டும், ஆனால் பேசவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. அம்மாவிடம் சொல்லக்கூடிய பெண்ணுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை. சொல்ல முடியாதவளுக்காக எழுதியது இது. உங்கள் மகள் முதல் வகையா இரண்டாம் வகையா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் சட்டம் இருந்தும் பிள்ளைகள் கிளினிக் பக்கம் போவதில்லை. ஏன் தெரியுமா? டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த்தில் நீங்கள் இருந்ததில்லை. அங்கே கிளினிக் வரிசையில் நின்றால் முன்னால் ஒரு ஆன்ட்டி, பின்னால் இரண்டு ஆன்ட்டி. கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது – இவர்கள் அதை பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள் – உங்கள் பெயர் கரண்டியோடு சுற்றும். வரிசையைத் தாண்டினால் நர்ஸ். "இந்த வயசில் உனக்கு இது எதுக்கு?" என்று எல்லார் காதிலும் விழுகிறமாதிரி ஒரு கேள்வி. மூன்று மாதக் கருத்தடை ஊசி இலவசம், 2014-லிருந்து கையில் வைக்கும் இம்ப்ளான்டும் இலவசம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து திரும்பிவிடுகிற பெண்ணுக்கு இலவசத்தால் என்ன பயன்?

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று முறை படித்தேன். பள்ளியைக் கேட்கிறீர்கள், பாடத்தைக் கேட்கிறீர்கள், சட்டத்தைக் கேட்கிறீர்கள், அந்தப் பெண்ணைக் கேட்காமல் கேட்கிறீர்கள். அவள் கர்ப்பத்துக்குக் காரணமான அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் பையனா, வளர்ந்த ஆளா? கோபித்துக்கொள்ளாதீர்கள், 2005-ல் நாங்களும் அவனைக் கேட்கவில்லை. பள்ளிக்கு வெளியே ஒரு கார் வந்து நிற்கும் என்று பிற்பாடு பிள்ளைகள் சொன்னார்கள்.

2020-ல் இந்த நாட்டில் 17 வயதும் அதற்குக் கீழுமான தாய்மாருக்குப் பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் ஏறத்தாழ 34,000. அவர்களில் எத்தனை பேர் கூடப் படித்த பையனோடு, எத்தனை பேர் கார் வைத்திருந்தவனோடு? பிறப்புப் பதிவில் தேட முடியாது. 2018-ல் பதிவான எல்லாப் பிறப்புகளிலும் பாதிக்கு மேல் தந்தை விவரமே இல்லை. ஆனால் நம் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் எச்.ஐ.வி. வேறு வழியில் சொல்லிவிடுகிறது. இளம்பெண்களுக்கு அதே வயதுப் பையன்களைவிடப் பல மடங்கு தொற்று. சம வயதுப் பையன்களிடமிருந்து மட்டும் அது வந்திருக்க முடியாது. போன் ஏர்டைம், முடி அலங்காரம், டாக்சிக்கூலி என்று செலவழிக்கிற ஆளுக்கு இங்கே 'பிளெஸ்ஸர்' என்று பெயர். ஆசீர்வதிக்கிறவராம்!

இதற்கும் சட்டம் இருக்கிறது. 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் விருப்பத்தோடு பழகினால் அது குற்றமில்லை என்று 2015-ல் திருத்தினார்கள். 16, 17 வயதுக்காரன் என்றால் இரண்டு வருட இடைவெளிவரை விலக்கு. அதற்கு மேல் மூத்தவன் என்றால், அவளுக்கு 16 ஆகாதவரை அவள் சம்மதித்தாலும் குற்றம், தெரிந்தவர் போலீசில் சொல்லியாக வேண்டும். 2021 கொள்கை இந்தக் கடமையைப் பள்ளிக்கும் நினைவூட்டுகிறது. பாடத்தில் ஆணுறை இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவனிடம் ஒரு பதினைந்து வயதுப் பெண் அதை எப்படி எடுத்து நீட்டுவாள் என்பது பாடத்தில் வரவில்லை, அதுதான் குறை.

என் ஸூலு சிநேகிதி ஒருத்தி ஒருமுறை 'இன்ஹ்லாவுலோ' பற்றி விளக்கினாள். கல்யாணத்துக்கு முன் பெண் கர்ப்பமானால் பையன் வீட்டார் வந்து ஒப்புக்கொண்டு பெண் வீட்டுக்குத் தண்டம் கட்டவேண்டும். பெண்ணுக்கு விலை பேசுவதுபோல் இருக்கிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல். அவள் சிரித்துவிட்டு, "உங்கள் ஆட்கள் என்ன செய்வீர்கள்?" என்றாள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அவர்கள் வழக்கத்தில் குறையிருக்கலாம், ஆனால் அவன் பெயரை முற்றத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

பள்ளியை மாற்றாதீர்கள். தனியார் பள்ளியிலும் பெண்கள் கர்ப்பமாகிறார்கள், கட்டணம் கட்டுகிறவர்கள் மறைக்கக் கொஞ்சம் வசதி பெற்றவர்கள், அவ்வளவுதான். மகளிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்கமாட்டாள். கார் ஓட்டும்போது கேளுங்கள், முகம் பார்க்கவேண்டியதில்லை என்றால் பிள்ளைகள் பேசுவார்கள். ஏழு மாதம் என்றால் ஜூலை விடுமுறையையொட்டிப் பிறக்கும். ஜூன் பரீட்சையை எழுதிவிடுவாளா, மூன்றாம் டெர்மில் திரும்பும்வரை நோட்ஸ் யார் கொடுப்பது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது – உங்கள் மகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். அவன் யாரென்றும்கூடத் தெரிந்திருக்கலாம். தெரிந்தால் உங்களால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அதற்கும் தயாராகக் கேளுங்கள்.

துணிக்குக் காசு கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கும் வழக்கம் நமக்கில்லை, மதுரைக்காரரிடம் இதை நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரரின் பழைய பருத்தி வேட்டி இரண்டைக் கிழித்து, வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்துக் கொடுத்தனுப்புங்கள். போர்வை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். ஜூலை இங்கே குளிர்காலம், உங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் விடியற்காலை எங்கள் கடற்கரை மாதிரியில்லை.