பழைய லயத்துக்குப் போன கடிதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்கள் இம்மாதம் அனுப்பியவை பெரும்பாலும் கடன் கேள்விகள்தாம். பெயர்களை விட்டுவிட்டேன், சின்ன ஊர்.

ஐயா, மூன்று மாதமாகக் கார்த் தவணை கட்டவில்லை. திவாலாக்கிவிடுவார்களா?

தவணை தவறுவது வேறு, திவால் வேறு. கடன் கொடுத்தவர் முதலில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். பிறகு திவால் அறிவிப்பு. 7 நாளுக்குள் பதில் நடவடிக்கை இல்லையென்றால் மனு. அதன் பிறகே ஆணை. கடனும் 100,000 வெள்ளியை (ரிங்கிட்) எட்டியிருக்க வேண்டும். முன்பு 30,000 வெள்ளியே போதுமாக இருந்தது. 2017இல் 50,000 ஆகி, 2021 செப்டம்பரில் இப்போதைய வரம்பு நிலைத்தது. கார் அதற்கெல்லாம் வெகு முன்பே போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. தாய்லாந்தின் ஹட்யாய் போகும்போது எல்லையில் தடுத்த பிறகுதான் திவாலானது தெரிந்தது. இது நியாயமா?

உங்கள் அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறது? தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, நீங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டீர்கள். அட்டை மட்டும் இன்னும் லயத்திலேயே குடியிருக்கும். நேரில் கொடுக்க முடியாத அறிவிப்பைக் கதவில் ஒட்டவோ நாளிதழில் போடவோ நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதுவே கொடுத்ததாகிவிடும்.

போன வருடம் ஒருவர் ரப்பர் பேண்ட் போட்ட பழுப்பு உறைக்கட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். தோட்டத்தின் பழைய எழுத்தரான கிராணியார் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்களாம். கட்டு கைக்கு வந்தும் எட்டு மாதம் அவர் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்றாவது உறையில் திவால் அறிவிப்பு இருந்தது.

ஆணையை ரத்துச் செய்யக் கோரலாம். நாள் கடத்தாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை திவால் இலாகாவின் தலைமை இயக்குநரோ நீதிமன்றமோ அனுமதித்தால்தான் வெளிநாட்டுப் பயணம்.

தங்கை மகன் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டுவதில்லை.

சொந்தப் பயன்பாட்டு வாகனம், குடியிருக்கும் வீடு, கல்விக் கடன் ஆகியவற்றுக்கு ஆதாயம் எதிர்பாராமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தம் இது. ஆனால் பணம் கேட்டு உங்கள்மேல் வழக்குப் போடலாம். அவன் லாரி வாங்கி வியாபாரம் செய்கிறான் என்றால் இந்தப் பாதுகாப்பும் கிடையாது. மருமகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

திவாலிலிருந்து எப்போது விடுதலை? சேமநிதிப் பணம் போய்விடுமா?

சேமநிதியில் இருக்கும் வரை அதைத் தொட முடியாது. விடுதலைக்கு 3 ஆண்டு. அதை ஆணை வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். சொத்து, கடன் விவர அறிக்கையை நீங்கள் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். இலாகா நிர்ணயித்த தொகையைக் கட்டி, ஆண்டுதோறும் வரவு செலவும் காட்டியிருந்தால் விடுதலை தானாக வரும். அறிக்கையே கொடுக்காமல் பத்து வருடம் ஒளிந்திருந்தவருக்கு ஒரு நாள்கூடக் கழிந்திருக்காது.

வட்டி முதலை என்னைத் திவாலாக்குவேன் என்று மிரட்டுகிறான்.

உரிமமில்லாமல் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. அதனால்தான் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறான். போலீசில் புகார் கொடுங்கள். வங்கிக் கடன்களும் சேர்ந்து நெருக்கினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணமில்லை.