பாம்புக் கொடி, புலிக்கொடி, நான் சல்யூட் அடித்த கொடி

கேள்வி: அமெரிக்கக் கடற்படையில் பாம்புக் கொடி பேட்ச் அணியக் கூடாது என்று தடை போட்டார்களாமே, உண்மையா? நம் கடற்படைக்குச் சோழர் புலிக்கொடி வந்துவிட்டதாகவும் சொல்கிறார்களே?

உங்களுக்கும் சித்தப்பாவோ மச்சானோ யாரோ ஒருவர் அந்த ஃபார்வர்டை அனுப்பியிருப்பார். எனக்கு மூன்று குரூப்பில் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன் நான். 1996இல் ஒடிசாவில் உள்ள சில்காவில் கடற்படைப் பயிற்சிக்குச் சேர்ந்து, 15 வருடம் முடித்து 2011இல் பெட்டி ஆபீசர் என்ற பதவியில் வெளியே வந்தேன். சிக்னல் பிரிவு. கொடி ஏற்றுவதும் இறக்குவதும் கிழிந்தால் தைப்பதும்தான் என் தொழிலாக இருந்தது. அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அமெரிக்க விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பாம்புக் கொடியில் சிவப்பும் வெள்ளையுமாக 13 பட்டை, குறுக்கே ஒரு பாம்பு, ‘என்னை மிதிக்காதே’ என்ற வாசகம். கப்பலின் முன்பக்கக் கம்பத்தில் பறப்பது அது. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, 2002 செப்டம்பர் 11 முதல் அவர்களுடைய எல்லாப் போர்க்கப்பல்களிலும் அதை ஏற்றினார்கள். 2019 ஜூனில் பழையபடி நட்சத்திரக் கொடிக்குத் திரும்பினார்கள். அது கப்பல் கம்பத்துக் கொடி பற்றிய உத்தரவு, சட்டையில் ஒட்டும் பேட்ச் பற்றியது அல்ல. பேட்ச் கதை 2013இல் கிளம்பியது. ஒரு பிரிவுக்குள் போன மின்னஞ்சல் வெளியே கசிந்தது. அதை வைத்து ‘ஒபாமா தடை போட்டுவிட்டார்’ என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். அப்படியொரு தடை இல்லை என்று கடற்படையே மறுத்தது. பின்னாளில் பச்சை நிற வேலைச் சீருடையில் அந்தப் பேட்சை அணியலாம் என்று எழுத்திலேயே அனுமதி கொடுத்தார்கள். இவ்வளவுதான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வந்தேன்.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்த அன்று நம் கடற்படைக்குப் புதுக் கொடி வந்தது. அடுத்த மாதம் மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தபோது அக்கா மகன் போனை நீட்டினான். ‘புதுக் கொடியில் சோழர் புலி’ என்று ஒரு படம். “அது புலி இல்லப்பா, சிவாஜி மகாராஜா முத்திரையப் பாத்து வரைஞ்ச எட்டுக்கோண வடிவம், உள்ள நங்கூரமும் அசோகச் சிங்கமும் இருக்கு” என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “அத விடுங்க மாமா. பதினஞ்சு வருஷமா நீங்க வெள்ளைக்காரன் சிலுவைக்குத்தானே சல்யூட் அடிச்சீங்க?” என்றான், அத்தனை பேர் முன்னால். இலையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். 1950 ஜனவரி 26 முதல் நம் கடற்படைக் கொடியின் மேல் மூலையில் மூவர்ணம் இருந்தது, நடுவே வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புச் சிலுவைக் கோடும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 15இல் அந்தக் கோட்டை எடுத்தார்கள்; நீல நிறத்தில் கடற்படைச் சின்னம் வந்தது. நான் அப்போது விசாகப்பட்டினத்தில் இருந்தேன். காலை 8 மணிக்குப் புதுக் கொடி மேலே போனபோது எங்களுக்குச் சிலிர்த்தது. ஆனால் கடலுக்குள் போனதும் சங்கடம் தெரிந்தது. தூரத்துக் கப்பலின் கொடியைப் பைனாகுலரில் பார்த்தால் நீலச் சின்னம் வானத்திலும் தண்ணீரிலும் கரைந்துபோகும். அந்தப் புகார் மேலே போனது. 2004இல் சிவப்புக் கோடு திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சிங்கத்தோடு. 2014இல் அதன் கீழ் ‘சத்யமேவ ஜயதே’ சேர்ந்தது. இதில் யாரும் யார் காலிலும் விழவில்லை. நான் சல்யூட் அடித்தது மேல் மூலையில் இருந்த மூவர்ணத்துக்கு. அந்தக் கம்பத்தடியில் நின்ற ஒவ்வொருவனுக்கும் அது தெரியும்.

இதைப் படித்துவிட்டு ‘இவன் தமிழனே இல்லை’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1025இல் ராஜேந்திரன் கடாரம் வரை கப்பல் அனுப்பிய சேதியைத் தஞ்சாவூர்க் கல்வெட்டில் படித்து நெஞ்சு நிமிர்ந்தவன் நான். நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனால் இன்றும் அந்த நினைப்புத்தான் வரும். கடற்படைக் கொடியில் சோழர் அடையாளம் ஒன்று இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது வேறு, இல்லாததை இருப்பதாகப் படம் போட்டுப் பரப்புவது வேறு.

2024இலும் இப்படித்தான், ‘நேவியில் யூனிஃபார்மை எடுத்துவிட்டு குர்தா பைஜாமா கொடுத்துவிட்டார்கள்’ என்றார்கள். மெஸ்ஸில் சாப்பிடப் போகும்போது அதையும் போடலாம் என்றுதான் அனுமதி. கப்பல் தளத்தில் சீருடைதான்.

படையில் எந்த மாற்றமும் ஆணை எண்ணோடும் தேதியோடும்தான் வரும். வெளியே வந்த பிறகு இது எனக்கு வேறு விதத்தில் உறைத்தது. ஒரு தை மாதம், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லையும் எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாள் பனியில் மூட்டையோடு காவல் கிடந்தேன். அடியில் இருந்த மூட்டைகள் முளைவிட்டுவிட்டன. வதந்தி கிளப்பியவனுக்கு என்ன நஷ்டம்? உத்தரவு வந்ததா இல்லையா என்று வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட அந்த ஆட்களுக்குத்தான் என்ன கஷ்டம்? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனதில் கிடக்கிறது.

அக்கா மகனிடம் வருகிறேன். படை ஆள்சேர்ப்புக்காகத் தினமும் விடியலில் ஓடுகிறவன். ராணுவச் சட்டை மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தோளில் புலிக்கொடி பேட்ச் ஒட்டிக்கொண்டு திரிந்தான். படைவீரன் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு அந்த உடையைப் போட்டால் குற்றம். அப்போது இ.பி.கோ. 140ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 168ஆவது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவனுக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற பையன் மேல் ஒரு கேஸ் விழுந்தால் யார் பதில் சொல்வது? சட்டையைப் போடாதே என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். பேட்சைப் பிரித்து அவனுடைய சைக்கிள் பையில் நானே தைத்துக் கொடுத்தேன், கப்பல் கொடிக்குப் போடுகிற அதே இரட்டைத் தையல். அந்தப் பையோடுதான் இப்போதும் ஓடப் போகிறான். பந்தியில் சொன்ன வார்த்தையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு வந்த ஃபார்வர்டில் ஆணை எண், தேதி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.